மூக்கை அளந்தவள்

மொன்டானாவில் எல்க் மான் வேட்டைக்கான அனுமதிக் குலுக்கலில் லோர்னாவின் பெயர் விழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. நாளை விடிந்தால் வேட்டை தொடக்கம். அவள் வீட்டிலேயே செய்யும் தோட்டாக்களோ ஒன்றுபோல் அமையவில்லை. பித்தளைக் கூட்டில் குண்டை அழுத்திப் பொருத்துவாள், அளப்பாள். ஒன்று நீளம், அடுத்தது குட்டை. மூன்று செய்தபின், குண்டு இறங்கும் ஆழத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் அச்சின் திருகைத் திருப்பினாள்.

"அந்தத் திருகை விடுக்கா, அதுக்கே தலை சுத்தும்," என்றாள் அடுப்பில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்த தங்கை ஹெட்டி.

"நாளைக்கு நீயா சுடப்போற? சும்மா இருடி."

ஹெட்டி அருகில் வந்து, இன்னும் பொருத்தாத இரு குண்டுகளை மேசைமேல் நிறுத்தினாள். ஒன்றின் ஈய மூக்கு நசுங்கியிருந்தது.

"பொருத்துறதுக்கு முன்னாடியே இது ரெண்டும் ஒரே உயரமில்லையே. நீ மூக்கையா அளக்குற?"

லோர்னா அந்த நசுங்கிய மூக்கை விரலால் தடவிப் பார்த்தாள். துப்பாக்கிக் குழலின் உட்புற வரிகளில் முதலில் படுவது மூக்குக்குக் கீழே குண்டு பருக்கும் தோள்; மூக்கன்று. தோளில் அமரும் சிறு வளையம் ஒன்றை அளவுக் கருவியில் மாட்டி, செய்துவைத்த தோட்டாக்களை மறுபடி அளந்தாள். முதலில் பொருத்திய மூன்றும் ஒரே அளவாக இருந்தன. திருகைத் தொட்டபின் செய்தவையே தவறியிருந்தன.

"மூணு போதுமாக்கா?"

"மானும் ஒண்ணுதானேடி."

ஆனாலும் அவள் கை மறுபடி திருகைத் தேடியது. அந்தக் கையில் ஹெட்டி பீன்ஸ் தட்டை வைத்தாள்.