சோதனைக்கூடத்துக்காரி பார்த்த ஓட்டம்

பந்தயக் குதிரைகளின் ரத்தத்தில் வேகத்துக்கான மரபணுவைத் தேடுவதுதான் தங்கையின் வேலை. பல வருடமாக அதைச் செய்தும், ஒரு குதிரை ஓடி அவள் நேரில் பார்த்ததில்லை. குதிரை வைத்தியரான அக்காதான் ஒருநாள் காலையில் அவளைப் பயிற்சித் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஈரப் புல்லில் ஒரு சிவப்புப் பெண்குதிரை, முதுகில் சவாரிக்காரரோடு, காதுகளை விடைத்துக்கொண்டு நின்றது.

“இவ ரத்தத்தைத்தான் போன மாசம் உனக்கு அனுப்பினேன்,” என்றாள் அக்கா.

“ஞாபகம் இருக்கு. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டுமே வேக மரபணு. குறைஞ்ச தூரத்துல பிச்சுக்கிட்டு ஓடும்.”

“அதோ மேயுறா பாரு, அவ இவளோட கூடப்பிறந்த அக்கா. அவளுக்கும் அதேதான் இருக்கு. ஓடச் சொன்னா வேலியோரம் நின்னு வேடிக்கை பாக்குறா!”

தங்கை சிரித்து முடிப்பதற்குள் சவாரிக்காரர் குதிரையைத் தட்டிவிட்டார். முதலில் தங்கையின் உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. அப்புறம் மூச்சுச் சத்தம் கேட்டது. குதிரை கடந்து போனபோது காற்று முகத்தில் அறைந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வேகமானதை வேகமானதோடு சேர்த்துச் சேர்த்து உண்டாக்கிய உடம்பு அது. கணினித் திரையில் மரபணுக் குறியீடாக, இரண்டே எழுத்தாக அவள் பார்த்தது, இங்கே தசையாகப் புரண்டு ஓடியது.

திரும்பி வந்த குதிரையின் மார்பில் கை வைத்தாள். உள்ளே இதயம் திம்திம் என்று இடித்தது.

“என்னடி, அழுறியா?”

“நான் அனுப்பின ரிப்போர்ட்ல இது எதுவுமே இல்லக்கா,” என்றாள். கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.