காவலுக்குக் கட்டிய படங்கு

யசிந்தா செம்மறியின் விலாவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கரகரவென்று இழுத்தது. நாலு நாளில் இரண்டு ஆடு செத்துப் போயாயிற்று. மிஞ்சியது இது ஒன்றுதான், அதுவும் நிறைசினை. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஒரு மனுசி எத்தனை தரம்தான் முதலிலிருந்து தொடங்குவாள்?

மருந்துப் பெட்டியோடு பக்கத்தில் குந்தியிருந்த மிருக வைத்தியர் கீர்த்திகா, பெரியமடு ஊர்ப் பிள்ளை. நேற்றுச் செத்த ஆட்டை வெட்டிப் பார்த்தவளும் அவள்தான்.

"சுவாசப்பை பஞ்சு மாதிரி இருக்கோணும் அம்மா. அது ஈரல் மாதிரி இறுகிக் கிடந்தது."

"கிருமியோ திண்டது?"

"கிருமி தொடங்கி வைக்கும். மிச்சத்தைச் செய்யிறது காவல்தான்." ஊசியில் மருந்தை ஏற்றியபடியே சொன்னாள். "ரத்தத்திலை வெள்ளை அணுக்கள் எண்டு இருக்கு. கிருமி வந்த உடனை காவலுக்கு ஓடி வரும். இந்தக் கிருமி அதுகளை வெடிக்க வைக்குது. வெடிச்சா அதுகளுக்குள்ளை இருக்கிற காரமெல்லாம் சுவாசப்பையிலை கொட்டும். உடனை இன்னும் காவல் வரும், அதுவும் வெடிக்கும். கடைசியிலை காத்துப் போக இடமிராது."

யசிந்தா சிரித்துவிட்டாள். சிரிப்பா அது, களைப்பு வாய் திறந்த சத்தம்.

"ஏனம்மா சிரிக்கிறியள்?"

"சண்டை நேரம் எங்கடை வீட்டுக்கும் காவல் நிண்டவை பிள்ளை. ஒருத்தர் போக மற்றவை. திரும்பி வந்து பாத்தா நிலம் மட்டும் கிடந்தது."

 கீர்த்திகாவின் வீட்டிலும் ஒரு கதவு மிஞ்சவில்லை. அவள் செம்மறிக்கு இரண்டு ஊசி போட்டாள். "இது கிருமிக்கு. மற்றது காவலை அமத்த." எழும்பியவள் எரிந்த கண்ணைக் கசக்கினாள். "இந்தப் படங்கு ஆர் கட்டினது?"

கொட்டிலின் நாலு பக்கமும் நீலப் பிளாஸ்டிக் படங்கு, ஒரு விரல் இடைவெளி இல்லை.

"நான்தான். வாடைக்காத்து படாமலுக்கு."

"மூத்திர ஆவி உள்ளுக்கையே நிண்டு சுவாசப்பையை அரிக்குது அம்மா. அதுதான் கிருமிக்கு வழி விட்டது. திறந்து விடுங்கோ."

 செத்த இரண்டும் இருமத் தொடங்கியபோது யசிந்தா செய்தது, மன்னார் டவுனுக்கு ஓடிப்போய் இன்னொரு படங்கு வாங்கி வந்து மேலால் கட்டியதுதான்.

"மடு மாதாவே! அப்ப நானோ அதுகளைச் சாகடிச்சது?"

"கிருமிதான் அம்மா." கீர்த்திகா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது தப்புமோ?"

"நாளைக்கு வாறன். ஏதாவது திண்டால் சொல்லலாம்."

கீர்த்திகாவின் மோட்டார் சைக்கிள் போனது. மழையில் ஊறிய படங்கு முடிச்சுகள் அவிழ மறுத்தன. மீன் வெட்டும் கத்தியால் யசிந்தா அறுத்தாள். கீரி ஊர்க் கடலின் வாடைக்காற்று ஒரே வீச்சில் உள்ளே வந்தது. செம்மறி நடுங்கி இருமியது. யசிந்தாவின் கை தன்பாட்டில் படங்கை இழுக்கப் போனது.

செம்மறி மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. அதன் வயிற்றில் ஓரிடம், உள்ளே குட்டி புரண்டதுபோல, மெல்ல எழும்பித் தாழ்ந்தது. யசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். படபடத்துக்கொண்டிருந்த படங்கின் நுனியை அவள் கை இன்னும் விடவில்லை.