ஸானுஸ், ஸானா, நல்லாத்தான்

...ஆணுக்கு ஸானுஸ், பெண்ணுக்கு ஸானா, இரண்டிலும் சேராததற்கு 'ஸானும்', மூன்றும் நலமாயிருப்பதைத்தான் சொல்கின்றன, சரிதானே, இல்லை இதையும் பிழையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாளா... நிலூஷா பஸ் கம்பியைப் பிடித்தபடி முதலிலிருந்து மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். பகல் முழுக்க பல்லேகல கார்மன்ட்ஸ் ஃபெக்டரியில் நின்ற கால்கள், அதற்குமேல் கண்டி டவுனில் மருந்துக்கடை உதவியாளருக்கான மாலை வகுப்பு. மருந்துக்கு லத்தீன் எதற்கு என்று யாரோ கேட்க, மருந்துப் பேரெல்லாம் பிறகு எங்கேயிருந்து வந்தது என்று வகுப்பெடுக்கும் ஜெயராஜ் சேர் சிரித்தார். ஸானுஸ் என்றால் பழுதில்லாதது என்று பொருளாம், உடம்புக்கும் புத்திக்கும் அதே சொல்தானாம், யாரைச் சொல்கிறதோ அவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று பார்த்து அந்தச் சொல் தன் வாலை மாற்றிக்கொள்ளுமாம். நம்முடைய 'நல்ல' மாறுவதேயில்லை, நல்ல அப்பா, நல்ல அம்மா, நல்ல மருந்து... அம்மாவின் 'நல்லாத்தான் இருக்கேன்' மாதிரி, காய்ச்சலுக்கும் அதுதான், மஹய்யாவ வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் பாதியில் குந்தி மூச்சு வாங்கும்போதும் அதுதான்.

போன கிளினிக்குக்கு அம்மா கல்யாண வீட்டுக்குப் போகிறமாதிரி சேலை கட்டி, பவுடர் பூசி, தனியாகப் போனாள். 'கொஹொமத அம்மே' என்று டொக்டர் சிங்களத்தில் சுகம் விசாரித்தாராம், 'ஹொந்தாய் மாத்தயா', நல்லாருக்கேன் ஐயா, என்றாளாம், அதே பழைய மாத்திரையோடு திரும்பி வந்தாள். மூச்சு வாங்குறத சொல்லலியா என்று கேட்டாள் நிலூஷா. "பெரிய மனுசன் சொகமான்னு கேக்குறாரு, இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா, மரியாதை தெரியாதவளா நானு?" அவரு என்ன நம்ம சம்பந்தியாம்மா, டொக்டரு! "டொக்டருன்னா அவருக்கே தெரியணும்ல." நிலூஷா சிரித்துவிட்டாள் அன்றைக்கு. இப்போது அம்மாவுக்குப் படுத்தாலும் மூச்சு இழுக்கிறது. நாளைக்கு மறுபடி கிளினிக், கூடப் போய் உள்ளதைச் சொல்லவேண்டும், லீவு இன்னும் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை, சுப்பவைசருக்குப் பயமா, இல்லை அம்மா சொல்வதை நம்பிவிடுவது லேசாக இருப்பதாலா...

போன் அடித்தது, அம்மா. "லீவெல்லாம் போடாதடி, எனக்கென்ன... நல்லாத்தான்... இருக்கேன்." நடுநடுவே மூச்சு. நானும் வருவேன், நானே டொக்டருகிட்ட சொல்லுவேன் என்றாள், குரல் உயர்ந்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒன் சத்தம் ஏன் இப்புடி கெடக்கு, சாப்புட்டியா, ஒடம்பு நல்லாருக்கா?" காலையிலிருந்து தலை பிளக்கிறது, பகல் சோறு பாதிக்குமேல் இறங்கவில்லை, சற்று முன்னால்கூட கண் இருட்டியது...

"நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. நாளைக்கு அம்மாவுக்காகப் பேசப்போவது இந்த வாய்தானே...