ஆள் இருக்கும் பக்கம்

இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவர் அவர். சாலையில் யாராவது குறுக்கே வந்தால் போதும், கை தானாக ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துவிடும். அப்படி ஒடித்து எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கைதான் இப்போது ஏரிக்கரைப் பாய்ப்படகு கிளப்பில் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அங்கே மீட்புக்கு வைத்திருக்கும் விசைப்படகு திரும்பும் விதமே வேறு. ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்பக்கம் கொஞ்சம்தான் நகரும். வால்பக்கம் எதிர்த்திசையில் வீசிக்கொண்டு போகும். அந்த வாலில்தான் இன்ஜினும் அதன் விசிறியும் இருக்கின்றன. தண்ணீரில் விழுந்தவர் வலப்பக்கம் இருக்க, பாவம் என்று நீங்கள் இடப்பக்கம் ஒடித்தால், விசிறியை நேராக அவர்மேல் கொண்டுபோய் விட்டதாக ஆகும்.

“ஆள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே திருப்புங்க சார். அப்பதான் வால் விலகும்” என்று பயிற்சியாளர் தொண்டை வற்றக் கத்துவார். முப்பது வயதுப் பெண். வாயிலிருந்து விசில் இறங்காததால் கிளப்பில் எல்லோருக்கும் அவர் ‘விசில் மேடம்’.

பயிற்சிக்குத் தண்ணீரில் போடுவது ஒரு பொம்மை. பழைய மழைக்கோட்டுக்குள் காலி கேன்களைத் திணித்து, மேலே ஒரு மீசையும் வரைந்து, அதற்கு ‘மச்சான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மீட்புப் படகு ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்றதில், நம் டிரைவர் மச்சானை மொத்தம் ஐந்து முறை கொன்றிருந்தார்.

இந்த வயதில் இது தேவையா என்றால், தேவைதான். எல்லாம் மனைவிக்காக. அவள் தையல்காரி. வாரம் முழுக்க அடுத்தவர் அளவுக்குக் குனிந்து தைப்பவள், இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை காலைகளில் மட்டும் கிளப்பின் பெண்கள் குழுவில் நிமிர்ந்து உட்கார்ந்து பாய்ப்படகு ஓட்டுகிறாள். மீட்புப் படகு ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் தண்ணீரில் இல்லாமல் பெண்கள் குழுவை இறக்கக்கூடாது என்பது கிளப் விதி. இருந்த ஒருவருக்கும் வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. மாத முடிவுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் குழுவையே கலைத்துவிடுவோம் என்றார் செயலாளர். “எங்க வீட்டுல ஒரு டிரைவர் சனிக்கிழமை சும்மாதானே இருக்காரு” என்று அவள்தான் இவரைக் கோர்த்துவிட்டாள்.

மூன்றாவது தேர்வு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. முந்தின நாள் அவள் தையல் மேஜையில் அளவுகோலைப் படகாகவும் நூல்கண்டை ஆளாகவும் வைத்துப் பாடம் எடுத்தாள். மேஜைமேல் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. மேஜையில் காற்றும் அடிக்கவில்லை.

காலையில் விசில் மேடம் பக்கத்தில் இருக்க, அவர் விசைப்படகை மெல்ல ஓட்டிப் போனார். ஆறு பாய்ப்படகுகள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. மச்சான் இன்னும் படகுக்குள்ளேயே மல்லாந்து கிடந்தான். அப்போது திடீரென்று ஒரு காற்று. நீலப் பாய் ஒன்று சாய்ந்தது, நிமிரப் பார்த்தது, அப்படியே கவிழ்ந்தது.

நீலப் பாய் அவளுடையது.

கவிழ்வது அங்கே சகஜம்தான். அரை நிமிஷத்தில் படகின் அடிப்பலகைமேல் ஏறி நின்று நிமிர்த்திவிடுவாள். இன்று ஏறவில்லை. ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தலைக்கு மேல் ஆட்டினாள்.

“கால்ல கயிறு சுத்திக்கிச்சு போல. போங்க சார்” என்றார் விசில் மேடம்.

“மேடம், நீங்க ஓட்டுங்க. என்னால முடியாது.”

“இடம் மாத்திக்க நேரமில்ல. பஸ்ஸ்டாப்புக்குப் போற மாதிரி மெதுவா போங்க!”

அவர் வேகத்தைக் குறைத்து, காற்றைப் பார்த்து, அவள் வலப்பக்கம் வருகிற மாதிரி நெருங்கினார். நல்லபடியாகத்தான் போனது. இன்னும் இரண்டு கை தூரம் இருக்கும்போது மறுபடியும் காற்று. படகின் வால் அவளை நோக்கி வழுக்கியது.

கை இடப்பக்கம் ஒடிக்கத் துடித்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? அவள் முகம் தண்ணீருக்கு மேலே, இதோ, இவ்வளவு கிட்டே. பெண்டாட்டி இருக்கிற பக்கம் எவனாவது வண்டியைத் திருப்புவானா? பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை வலப்பக்கம், அவள் பக்கமே, ஒடித்தார். இன்ஜின் ஒரு முறை உறுமியது. வால் அவளை விட்டு விலகிப் போனது. சாவியைத் திருப்பி அணைத்தார்.

விசில் மேடம் குனிந்து கயிற்றை அறுத்தார். இருவருமாகச் சேர்ந்து அவள் அக்குளுக்குக் கீழே கைகொடுத்து இழுத்தார்கள். அவள் தடாலென்று மச்சான்மேலேயே வந்து விழுந்தாள்.

“நல்லா இழுத்தீங்க, தோள்பட்டையே கழண்டிருக்கும்” என்றாள் இருமிக்கொண்டே.

திட்டுகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கரையில் ஈர லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கும் அறையில் அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தாள். கணுக்காலில் கயிறு அழுத்திய சிவப்புத் தடம் மட்டும்தான். விசில் மேடம் தேர்வுத் தாளில் மளமளவென்று டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, “அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க சார். லேட்டா வராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரால் டீயைக் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

“பயந்துட்டியா?” என்று கேட்டார்.

“பின்ன? காத்துல உங்க வால் எம்பக்கம் வந்துச்சே, அப்ப கண்ணை மூடிக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“தொறந்து பார்த்தா, உங்க படகு நேரா என்னைப் பார்த்துத் திரும்புது.” குடிக்காத டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைத் தன் துண்டுக்குள் இழுத்துக்கொண்டாள். “அப்பாடா, வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன்.”