கழன்ற கோடரி

என் புருஷன் ஏலோனுக்கு ஓட வராது. ஆட்டைக்கூட உட்கார்ந்தபடியே மேய்க்கிற மனுஷர். அவரைத்தான் அன்று எபிரோன் மேட்டில் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

காலையில் சிநேகிதன் யாமீனோடு விறகு வெட்டப் போயிருந்தார். இவர் ஓங்கியபோது கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று, யாமீனின் நெற்றியில் இறங்கிவிட்டது. அங்கேயே உயிர் போயிற்று. கோடரியைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்தார். அழக்கூட நேரமில்லை. செத்தவனின் அண்ணன் சோபாலுக்குப் பழிவாங்கும் உரிமை உண்டு. எபிரோன் அடைக்கலப் பட்டணம். வாசலுக்குள் நுழைந்துவிட்டால் மூப்பர்கள் விசாரிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. வழியில் பிடிபட்டால் கேள்விமுறை கிடையாது.

"முடியலடி. நீ போ."

"நான் போய் என்ன பண்ண? என்னையா வெட்டப் போறான்? பேசாம ஓடுங்க."

"வேணும்னு செய்யலன்னு அவன்கிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?"

"சொல்லுங்க. கழுத்துமேல தலை இருக்கறப்பவே சொல்லிடுங்க."

வாய்தான் அப்படிப் பேசியது. மனசுக்குள், ஆண்டவரே, வாசல்வரைக்கும் இவருக்குக் கால் கொடும் என்று கெஞ்சினேன். கொடுக்கவில்லை. வாசல் தெரிகிற தூரத்தில் செருப்பு வார் அறுந்து குப்புற விழுந்தார்.

சோபால் வந்துவிட்டான். கையில் அதே கோடரி. தம்பியைக் கொன்ற கோடரியாலேயே பழி தீர்க்க வேண்டுமென்று, இரும்பைக் காம்பில் தட்டிச் செருகி எடுத்து வந்திருந்தான். "வேணாங்க, விட்டுடுங்க" என்று கதறியபடி, இடுப்பில் பிள்ளையோடு அவன் மனைவி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, அது தானா கழண்டுது" என்றார் ஏலோன்.

"தானா கழண்டு ஆளத் தேடிப் போச்சாக்கும். யாருகிட்டடா கதை விடுற?"

ஓங்கினான். நான் ஏலோன்மேல் விழுந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

வெட்டு விழவில்லை. எங்கோ கல்லில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. பார்த்தால், சோபால் வெறும் காம்போடு நிற்கிறான். இரும்பு அவனுக்குப் பின்னால் பறந்து, அவன் மனைவியின் காலடியில் கிடந்தது. அவள் இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் பிள்ளையின் தலை. நான் கேட்டது கால். ஆண்டவர் கை வைத்தது காம்பில்.

சோபால் மனைவியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். கையிலிருந்த வெறும் காம்பைப் பார்த்தான். "எந்திரிடா" என்று ஏலோனைத் தூக்கிவிட்டான்.

வாசலில் மூப்பர்கள் கேட்டார்கள்: "பழி கேக்கறவன் யாரு? இவனுக்குச் சாட்சி யாரு?"

சோபால் வெறும் காம்பை அவர்கள் முன் வைத்தான்.

"ரெண்டும் நான்தான்."