லீவு கிராணி அப்புத்துரையும் கண்ணாடிக் கதவும்

ஜார்ஜ்டவுனில் ஈயம் உருக்கும் ஆலை இருந்த இடத்தில் பேரங்காடி திறந்த நாளிலிருந்து, அந்த ஆலையில் முன்பு வேலை செய்தவர்களை மட்டும் கண்ணாடிக் கதவு மாலை ஐந்து மணிவரை வெளியே விடவில்லை. சிலிப்பர் வாங்கப் போன சின்னையா, மாணவர் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நழுவப் பார்த்தார். கூட்டம் வெளியே போனது, அவர் உள்ளே நின்றார். நிர்வாகி நோர்மா மூன்று முறை ஆள் வைத்துப் பார்த்தும் கதவில் ஒரு பழுதும் இல்லை. ஆலை விதிப்படி வேலை நேரத்தில் வெளியேற லீவு பாரம் எனும் விடுப்புப் படிவம் வேண்டுமே என்று சின்னையாவுக்குத்தான் நான்காம் நாள் உறைத்தது. ஆலையில் லீவு எழுதும் கிராணியாக, குமாஸ்தாவாக இருந்த அப்புத்துரையைக் கெலுகோர் வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார், கதவு திறந்தது.

ஓய்வு பெற்றபின் அப்புத்துரையின் கைக்கு வீட்டு டிவி ரிமோட்கூட வந்ததில்லை. இப்போது பபிள் டீ கடையருகே அவருக்கென்று ஒரு மேசை கிடைத்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கால்வலி என்றால் மருத்துவர் சீட்டு கேட்டார். ஆலையில் கூட்டிப் பெருக்கிய நவமணி, ஐஸ்கிரீம் உருகுகிறது என்று கெஞ்சியும், அது தகுந்த காரணமல்ல என்று ஐந்து மணிவரை உட்காரவைத்தார். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மனைவி வள்ளிநாயகி தொலைபேசியில் அழைத்தார். ஒன்பது வருடம் காத்திருந்து கர்ப்பமான மகள் பிரியந்திக்கு அவசர அறுவைச் சிகிச்சையாம்.

"உடன வாங்கோ. பிள்ளை உங்களைத்தான் கேக்கிறாள்."

அதுவரை ஐந்து மணிக்கு முன் அவர் கிளம்பியதே இல்லை; கதவு அவருக்கும் திறக்கவில்லை. பாரத்தை மூன்று பிரதி நிரப்பித் தானே கையெழுத்திட்டார். அசையவில்லை. அவருக்கு லீவு கொடுக்கக்கூடிய மேலதிகாரி செத்துப் பல வருடமாகிறது. கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்புத்துரை அழுதார்.

"குடுங்க ஐயா, நான் போடுறேன்" என்று நவமணி பேனாவை வாங்கினாள்.

அந்த நிலையிலும் அவர், "உனக்கு அதிகாரம் இல்லையே" என்றார்.

"கதவுக்கு அதெல்லாம் தெரியாதுலா."

அவள் பெயரை எழுதி முடித்ததும் கதவு திறந்தது.

தன் கையெழுத்து தனக்கு ஆகாது, மற்றபடி எந்த ஆலைக்காரருடையதானாலும் போதும் என்பது டாக்சியில்தான் அவருக்குப் புரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. மகளை அறுவைக் கூடத்துக்குள் கொண்டுபோகுமுன் அவள் கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம்.

இப்போது ஆலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நோர்மா கதவருகே நூலில் ஒரு பேனா கட்டியிருக்கிறார். வாரம் ஒருமுறை அவரோடு அங்கே வரும் வள்ளிநாயகி, திரும்பும்போது பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்புத்துரை கையெழுத்தாகாத பாரத்தோடு உள்ளே நின்று, போகிற வருகிறவர்களில் பழைய ஆலை முகம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.