உச்சி வெயில் கணக்கெடுப்பு

வட்டாரத் திட்ட அலுவலகத்தில் அவளுக்கு 'ரப்பர்' என்று பட்டப்பெயர். ஒரு கோடு போட்டால் பத்து தடவை அழிப்பாள். பாலைவன ஜீப் சவாரிக்கான பாதையை மட்டும் ஒரே இழுப்பில் போட்டுவிட்டாள். ஆமைக் கணக்கெடுப்பு வரைபடத்தில், பாதை போகும் அந்த வறண்ட ஓடை பளிச்சென்று காலியாக இருந்தது. பேருக்குக்கூட ஓர் ஆமைப் புள்ளி இல்லை.

நாளை திறப்பு விழா. குலுக்கலில் சவாரி நடத்தும் உரிமம் விழுந்தது அவள் தம்பிக்கு. இருந்த வேலையை உதறிவிட்டு இதில் குதித்திருந்தான்.

இரவு மழை பெய்திருந்தது. காலையில் அக்காவை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் விட்டவன், ஓடைக்குள் இறங்கியதும் சடாரென்று பிரேக் அடித்தான்.

சக்கரத் தடத்தில் தேங்கிய தண்ணீரை ஓர் ஆமை குடித்துக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் மூன்று. இரு கரையிலும் வரிசையாக வளைகள்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கெடுப்பு நடந்தது கோடையில், உச்சி வெயிலில். அப்போது எந்த ஆமை வெளியே உலாத்தும்? பாதை போடும்போது அவள் அந்தத் தேதியைக் கவனிக்கவே இல்லை.

"டேய், இந்தப் பாதை வேணாம்டா. தப்பு என் மேல. நாளைக்குத் திறக்க முடியாது."

கத்தப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துப் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா! நீயே சொல்லிட்டியா? இந்த மணல்ல வண்டி எத்தனை தடவை புதைஞ்சுது தெரியுமா? உன் கையால போட்ட பாதையாச்சே, எந்த வாயால சொல்றது?"

"அடப்பாவி! நான் உன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேனோன்னு நடுங்கிட்டு இருக்கேன்."

"மண்ணுதான் ஏற்கெனவே இன்ஜின் வரைக்கும் போயிடுச்சேக்கா. மின்கோபுர ரோடு இருக்குல்ல? முழுக்கப் பாறை. மேடும் பள்ளமும் சும்மா தூக்கித் தூக்கிப் போடும். ஜனங்க அதுக்குத்தானே வர்றாங்க?"

பாறையில் ஆமை வளை தோண்டாது. இருந்தாலும் இந்த முறை குளிர்ந்த வேளையில் நடந்து பார்த்துவிட்டுத்தான் கோடு. அவள் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். முதலில் எகிறினார். ஆமைகளின் படத்தை அனுப்பியதும் இறங்கி வந்தார். "சரி, ஒரு மாசம் தள்ளி வைப்போம். ஓடைக்குள்ள வண்டி இறங்காம வழியை மூடிடுங்க."

நெஞ்சிலிருந்து ஒரு மலை இறங்கியது. ஆமை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.

"ஹாரன் அடிக்கட்டுமா?"

"அடிச்சுப் பாரு, உன்னை வளைக்குள்ள தள்ளி மூடிடறேன்."

தம்பி சிரித்தபடி இன்ஜினை அணைத்தான்.